அடைக்கலம் தந்த தீவு

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. உலகப் படத்தில் இந்தப் பழமொழிக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தேட வேண்டுமானால், ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கரையோரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் அயோனாத் தீவைக் காட்டலாம். அதன் நீளம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, மதிய உணவுக்குத் திரும்பி விடலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 177 பேர். நம் பள்ளியின் நான்கைந்து வகுப்பறைகளில் அடங்கிவிடக் கூடிய தொகை!

அன்பு மாணவியரே, இத்தனை சிறிய தீவைப் பற்றி ஏன் அறிய வேண்டும்? வலிமையற்றவற்றுக்கு அடைக்கலம் தருவது என்ற ஒரே செயல், அந்த மண்ணில் 1,400 ஆண்டுகளாக வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப நடந்து வந்திருக்கிறது. அதற்காகவே அறிய வேண்டும்.

கல்லும் கடலும்

அயோனாவுக்குச் செல்வது எளிதன்று. ஓபான் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மல் என்னும் பெரிய தீவை அடைய வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் குறுகிய சாலையில் பயணம். பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையைப் பத்து நிமிடத்தில் ஒரு சிறு கப்பல் கடத்தி விடும். வெளியூரார் தம் மோட்டார் வண்டிகளை அனுமதியின்றித் தீவுக்குள் கொண்டு செல்ல முடியாது.

தீவின் மிக உயர்ந்த குன்று டூன் ஈ. அதன் உயரம் 101 மீட்டர்தான். ஆயினும் அதன் உச்சியில் நின்றால் நாற்புறமும் கடலும் தீவுக் கூட்டங்களும் கண்ணை நிறைக்கும். அயோனாவின் பாறை பிரிட்டனின் மிகப் பழைய பாறை வகைகளுள் ஒன்று. நீரிணைக்கு அப்பால் மல் தீவிலோ இளஞ்சிவப்புக் கருங்கல் மின்னுகிறது. தென்கிழக்கில் பச்சை நரம்போடிய வெண்பளிங்கை வெட்டியெடுத்த பழைய சுரங்கமும், துருப்பிடித்த எந்திரங்களும் இன்றும் உள்ளன.

மேற்குக் கரையில் அட்லாண்டிக் பெருங்கடல் ஓயாது மோதுகிறது. அங்கே கிளிஞ்சல்கள் பொடியாகி வெண்மணலாய்க் குவிந்து, காற்றால் உள்நாட்டுக்கு வீசப்பட்டு, புல்வெளியாகியிருக்கிறது. இத்தகைய நிலத்தைக் கேலிக் மொழியில் 'மாக்கர்' என்பர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த இம்மண்ணில் கோடையில் சிறுசிறு காட்டுப் பூக்கள் கம்பளம் விரிக்கும். கரைப் பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும். நீர்நாய்கள் மீன் தேடும்.

நாரைக்கு மூன்று நாள் விருந்து

கி.பி. 563-ஆம் ஆண்டு, பன்னிரண்டு தோழர்களுடன் ஒரு துறவி அயர்லாந்திலிருந்து இத்தீவுக்கு வந்தார். அவரே புனித கொலும்பா. அவர் அரச குலத்தவர். 'கொலும்பா' என்றால் புறா என்று பொருள். அயர்லாந்தில் நடந்த ஒரு போரில் பலர் மடிந்ததற்குத் தாமும் காரணம் என்று வருந்தியே அவர் தாய்நாட்டைத் துறந்தார் என்பது மரபு. தென்கரையில் அவர் இறங்கியதாகக் கூறப்படும் விரிகுடாவில் இன்றும் பச்சை நிறக் கூழாங்கற்கள் கிடைக்கின்றன. அங்குள்ள ஒரு குன்றில் ஏறி, அயர்லாந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அவர் தங்கினாராம்.

அவர் நிறுவிய மடத்திலிருந்து துறவியர் புறப்பட்டு ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நற்செய்தி அறிவித்தனர். அவருடைய வரலாற்றை எழுதியவர், அம்மடத்தின் ஒன்பதாம் தலைவரான புனித அதம்னான். அந்நூலில் உள்ள ஒரு நிகழ்ச்சியை இங்கே கூற வேண்டும்.

ஒருநாள் கொலும்பா ஒரு சகோதரரை அழைத்து, "மூன்றாம் நாள் மேற்குக் கரையில் காத்திரும். அயர்லாந்திலிருந்து ஒரு நாரை காற்றில் அலைக்கழிந்து, களைத்து, கரையில் விழும். அதை அன்போடு தூக்கிச் சென்று மூன்று நாள் உணவளித்துப் பேணும்" என்ற கருத்துப்படக் கட்டளையிட்டார். அவ்வாறே நாரை வந்தது. சகோதரர் அதைக் காத்தார். மூன்று நாள் கழித்து, வலிமை பெற்ற அப்பறவை உயரப் பறந்து தன் நாடு நோக்கிச் சென்றது. தாம் துறந்து வந்த நாட்டிலிருந்து வந்த விருந்தாளியைப் புனிதர் எவ்வளவு கனிவோடு நினைத்திருப்பார்!

கி.பி. 597-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். மடத்துக்குப் பால் சுமந்து வந்த வெள்ளைக் குதிரை, அதற்கு முன்பு அவர் மார்பில் தலை சாய்த்துக் கண்ணீர் விட்டது என்றும், அதை விரட்ட முயன்ற பணியாளரை அவர் தடுத்தார் என்றும் அந்நூல் கூறுகிறது.

பெண்களைக் காத்த சட்டம்

அதம்னான் நூலெழுதியதோடு நின்றுவிடவில்லை. கி.பி. 697-ஆம் ஆண்டு அயர்லாந்தின் பிர் என்னும் ஊரில் அரசர்களையும் திருச்சபைத் தலைவர்களையும் கூட்டி ஒரு சட்டத்தை நிறைவேற்றச் செய்தார். போர்க் காலத்தில் பெண்கள், குழந்தைகள், துறவியர் ஆகியோரைக் கொல்வதும் துன்புறுத்துவதும் குற்றம். குற்றம் செய்தோர் தண்டம் செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். 'மாசற்றோர் சட்டம்' என்று அது பெயர் பெற்றது.

இச்சட்டம் பிறந்தது ஒரு தாயால் என்று பிற்காலக் கதை ஒன்று சொல்கிறது. அதம்னானின் அன்னை ரோனாத் ஒரு போர்க்களத்தைக் கடந்தபோது, மாண்டு கிடந்த பெண் ஒருத்தியையும் அவள் மார்பில் கிடந்த குழந்தையையும் கண்டாளாம். "பெண்களை இக்கொடுமையிலிருந்து விடுவிக்கும் வரை உன்னை விடமாட்டேன்" என்று மகனைப் பிடிவாதமாகத் தூண்டினாளாம். கதை எப்படியாயினும், சட்டம் வரலாற்று உண்மை.

வாளும் நூலும்

அடைக்கலம் தந்த தீவுக்கே பாதுகாப்பு இல்லாத காலமும் வந்தது. கி.பி. 795-ஆம் ஆண்டு வைக்கிங் கடற்கொள்ளையர் அயோனாவைத் தாக்கினர். 806-ஆம் ஆண்டு மீண்டும் வந்து 68 பேரைக் கொன்றனர். 825-ஆம் ஆண்டு, புனித கொலும்பாவின் திருப்பண்டங்கள் மறைத்து வைக்கப்பட்ட இடத்தைக் காட்ட மறுத்ததால் பிளாத்மாக் என்னும் துறவி கொல்லப்பட்டு மறைசாட்சியானார்.

துறவியருள் பலர் அயர்லாந்தின் கெல்ஸ் என்னும் ஊரில் புதிய மடம் அமைத்துக் குடியேறினர். உலகப் புகழ் பெற்ற 'கெல்ஸ் நூல்' என்னும் நற்செய்திச் சுவடி, கி.பி. 800 அளவில் அயோனாவில் எழுதத் தொடங்கப்பட்டு, இவ்வாறு காப்பாற்றிக் கொண்டு செல்லப்பட்டது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். வண்ணமும் நுணுக்கமும் நிறைந்த அச்சுவடி இன்று டப்ளின் நகரில் டிரினிட்டிக் கல்லூரியில் உள்ளது. எடுத்துச் செல்ல முடியாத புனித மார்ட்டின் கற்சிலுவையோ, எட்டாம் நூற்றாண்டில் நட்ட இடத்திலேயே மழையிலும் காற்றிலும் நிற்கிறது. அதன் நடுவில் தேவதாய் குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கிறார்.

கன்னியர் மடம்

கி.பி. 1200 அளவில் சோமர்லெட் என்ற தலைவரின் மகன் ரெஜினால்டு, புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியருக்கு அயோனாவில் மடம் அமைத்தார். சற்றுப் பின்னர், புனித அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றும் கன்னியர் மடம் ஒன்றும் எழுந்தது. அதன் முதல் தலைவி அவருடைய சகோதரி பெதாக். அக்கன்னியர் அணிந்த கறுப்பு உடையால், மக்கள் அவர்களுடைய கோவிலைக் 'கறுப்புக் கோவில்' என்றே அழைத்தனர்.

1543-ஆம் ஆண்டில் இறந்த மடத்துத் தலைவி அன்னா மக்லீனின் கல்லறைப் பலகையில், அவருடைய உருவத்தின் பக்கத்தில் இரண்டு சிறு நாய்க்குட்டிகள் செதுக்கப்பட்டுள்ளன. செபமும் தவமுமாய் வாழ்ந்த அன்னையின் காலடியில் செல்ல நாய்கள்! நம் அருட்சகோதரியர் இதைப் படித்துப் புன்னகை செய்வார்கள் என்று நம்புகிறேன்.

1560-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஏற்பட்ட சமய மாற்றத்துக்குப் பின் இரு மடங்களும் பாழடைந்தன. ஆண்கள் மடத்தின் கோவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டு ஜார்ஜ் மக்லியாடு என்ற போதகர், வேலையற்ற தொழிலாளரையும் இளம் போதகரையும் ஒன்று சேர்த்து, இடிந்த மடத்தின் குடியிருப்புப் பகுதிகளை எழுப்பத் தொடங்கினார். 1965-இல் அப்பணி முடிந்தது. கன்னியர் மடம் மட்டும் கூரையின்றி, இளஞ்சிவப்புக் கற்சுவர்களுடன், பூந்தோட்டத்தின் நடுவே அமைதியாக நிற்கிறது.

புல்லில் ஒளிந்த விருந்தாளி

கோடை இரவில் அயோனாவில் தங்குவோர், யாரோ சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டுவது போன்ற கரகரப்பான ஒலியைக் கேட்பர். 'கிரெக்ஸ், கிரெக்ஸ்' என்று விடிய விடியக் கத்தும் அப்பறவையின் பெயர் கார்ன்கிரேக். நம் ஊர் நீர்நிலைகளில் காணும் கம்புள் கோழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து, ஏப்ரல் மாத இறுதியில் இங்கு வருகிறது. உயர்ந்த புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டும். அதனால் கேட்பவர் பலர், பார்த்தவர் சிலர்.

ஒரு காலத்தில் பிரிட்டன் முழுவதும் கேட்ட குரல் இது. கால்நடைத் தீவனப் புல்லை எந்திரத்தால், அதுவும் முன்கூட்டியே, அறுக்கத் தொடங்கியபின் இவ்வினம் அழிவின் விளிம்புக்கு வந்தது. காரணம் எளிது. வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்நோக்கி அறுத்தால், வெட்டவெளிக்கு ஓட அஞ்சும் குஞ்சுகள் நடுவில் எஞ்சிய புல்லுக்குள் ஒடுங்கும். கடைசிச் சுற்றில் அவையும் எந்திரத்தில் சிக்கும்.

இதற்கு மருந்தும் எளிதே. குஞ்சுகள் வளரும் வரை, ஆகஸ்டு மாதம் வரை, அறுப்பைத் தள்ளிப் போட வேண்டும். அறுக்கும்போது நடுவிலிருந்து வெளிநோக்கி அறுக்க வேண்டும். வயல் மூலையில் கொஞ்சம் செடிகொடிகளை வெட்டாது விட வேண்டும். அயோனாவின் சிறு விவசாயிகள் இவ்வாறு செய்கின்றனர். தாமதத்தால் புல்லின் சத்துக் குறையும். மழையில் நனைந்து கெடவும் கூடும். அந்த இழப்பை ஈடுசெய்ய அரசு உதவித் தொகை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் கூவும் ஆண் பறவைகள் ஐந்நூறுக்கும் குறைவு. 2014-இல் 1,200-ஐத் தாண்டின. அதன்பின் எண்ணிக்கை மறுபடியும் குறைந்துள்ளது. அடைக்கலம் என்பது ஒருமுறை தந்து முடித்துவிடும் பொருளன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

களைத்த நாரையை ஒரு சகோதரர் தூக்கினார். தாய்மாரைக் காக்க ஒரு மடத் தலைவர் சட்டம் செய்தார். சுவடியைக் காக்கச் சிலர் கடல் கடந்தனர். இன்றோ ஒரு விவசாயி, அரிவாளும் எந்திரமும் ஆயத்தமாக இருந்தும், இரவில் கேட்கும் ஒரு கரகரப்புக் குரலுக்காகச் சில வாரம் பொறுத்திருக்கிறார். பொறுத்திருப்பதும் ஒரு தொண்டு.

மாணவியரே, நம் வீட்டுக் கொல்லையிலும் பள்ளித் தோட்டத்திலும் கூடு கட்டும் சிற்றுயிர்கள் உண்டு. நம் வகுப்பிலேயே துணையின்றித் தயங்கி நிற்கும் புதிய மாணவியும் உண்டு. அவர்களுக்கு நாம் அயோனாவாக இருக்கலாம் அன்றோ!