நரம்பின் செய்தியும் பூச்சி மருந்தும்

மருந்து தெளித்த பருத்தி வயலில் வண்டு ஒன்று மல்லாந்து கிடந்து, கால்களை உதறிக்கொண்டே சாவதை அங்கத்தினர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மருந்து அதன் வயிற்றை எரித்துவிட்டது என்று கருதுவோர் உண்டு. ஆனால் பூச்சி மருந்துகளிற் பெரும்பாலானவை தாக்குவது நரம்பையே. நரம்பு வேலை செய்யும் முறையோ பூச்சிக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் அடிப்படையில் ஒன்றுதான். ஆகவே அதனை நாம் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

நரம்பு என்பது மெல்லிய இழைகள் பல சேர்ந்த கட்டு. ஒவ்வோர் இழையும் ஓர் உயிரணுவின் நீட்சியாகும். நம் இடுப்புப் பகுதியிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய 1 மீட்டர் நீளும் இழைகளும் உண்டு. இழையின் உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கின்றன. செய்தி புறப்படுங்கால், இழையின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அடுத்த கணமே பொட்டாசியம் வெளியேறுகிறது. இம்மாறுதல் பக்கத்துப் பகுதியைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, மின்சார அலை ஒன்று இழை நெடுகிலும் ஓடுகிறது. விரைவான இழைகளில் அது நொடிக்கு 100 மீட்டர் வரை செல்லும். ஊசிக் கணவாயின் பருத்த நரம்பிழையில் இதனை அளந்து 1952-இல் விளக்கிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் இருவரும் 1963-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இழையின் முடிவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50,000-இல் ஒரு பங்கே எனினும், பெரும்பாலான இடங்களில் மின் அலை அதனைத் தாண்டுவதில்லை. பின் செய்தி எவ்வாறு அக்கரை சேர்கிறது? ஆட்டோ லோவி என்பவர் 1921-இல் தவளை இதயங்கள் இரண்டை எடுத்துச் சோதித்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டவே அதன் துடிப்புத் தளர்ந்தது. அதனைச் சூழ்ந்திருந்த நீரை மற்ற இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் தளர்ந்தது! செய்தியைக் கொண்டு சென்றது ஓர் இரசாயனப் பொருள் என்பது இதனாற் புலனாயிற்று. அப்பொருளுக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். நம் தசைகளை இயக்குவதும் அதுவே. பூச்சியின் நரம்பு மண்டலத்தில் செய்தி கடத்துவதும் பெரும்பாலும் அதுவே.

தறியில் எறியப்பட்ட நாடா மறுபக்கம் போய் நின்றால்தான் மீண்டும் எறிய இயலும் என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. நரம்பிலும் அப்படியே. அசிட்டைல்கோலின் தன் வேலையை முடித்ததும், அங்கேயே காத்திருக்கும் நொதி ஒன்று அதனைக் கண நேரத்தில் சிதைத்துவிடுகிறது. மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் முதலிய கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள் இந்த நொதியையே பற்றிக்கொண்டு செயலற்றதாக்குகின்றன. செய்தி நிற்பதில்லை. தசை துடிக்கிறது, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குகிறது, வியர்வையும் எச்சிலும் பெருகுகின்றன, முடிவில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகின்றன.

1958-இல் கேரளத்தில் இவ்வகையைச் சேர்ந்த பாரத்தியான், கப்பலில் உடன் வந்த கோதுமை மாவிற் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1968-ஆம் ஆண்டின் பூச்சி மருந்துச் சட்டம் பிறப்பதற்கு அச்சம்பவம் ஒரு காரணம். சட்டம் வந்த பின்னும், 2013-இல் பீகாரின் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில், மானோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயிற் சமைத்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர்.

இம்மருந்து வாய் வழியாக மட்டும் புகுவதன்று. தெளிப்பானிலிருந்து முதுகில் ஒழுகி நனைந்த பருத்தித் துணி, விஷத்தைத் தோலோடு பிடித்துவைக்கும். தோல் வழியே அது உடலுள் இறங்கும். இழந்த நொதி மீண்டும் நிரம்ப வாரக்கணக்கில் ஆகும். முதல் நாள் தெளித்தபோது ஒன்றும் நேராதவர், தொடர்ந்து தெளித்து நான்காம் நாள் விழுவது இதனாலேயே. அதனை வெயிலின் களைப்பு என்று எண்ணி மோர் கொடுத்துப் படுக்க வைப்பது பெருந்தவறு.

மேற்சொன்ன குறிகள் தோன்றின், உதவுவோர் கையுறை அணிந்து, அவரது உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவ வேண்டும். வாந்தி எடுக்கச் செய்தலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அட்ரோபின் என்னும் மாற்று மருந்து அங்கே ஊசியாகத் தரப்படும். எந்த மருந்து என்று வைத்தியர் அறிவதற்காக, அந்தப் புட்டியைச் சீட்டுக் கிழியாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.