கரியடுப்பைப் பேணும் முறை

ஆரணி என்ற மாத்திரத்தில் யாவருக்கும் நினைவில் வருவன பட்டும் அரிசியுமேயாம். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்நகரிலும் இதன் சுற்றுக் கிராமங்களிலும் பட்டுத்தறியைக் கொண்டே பல குடும்பங்கள் ஜீவிக்கின்றன. பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர்களும் திருவண்ணாமலை மாவட்டத்தில் உளர். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் மிகும்போது, புழு வளர்க்கும் அறையின் உஷ்ணம் குறையாதிருக்கும் பொருட்டுக் கரியடுப்பை உள்ளே வைப்பதுண்டு. கிழங்கும் சோளக்கதிரும் இறைச்சியும் சுடுவதற்கும், குளிர் காய்வதற்கும் இதே அடுப்பு உதவுகிறது. இதனைச் சரிவரப் பேணினால் கரிச்செலவு குறையும். பேணத் தவறினால் புழுவுக்கு மாத்திரமன்றி மனித உயிருக்கும் கேடு விளையும். ஆதலின், இதன் முறைகளை ஈண்டு விளக்குவோம்.

கரியின் தன்மை

மரத்தைப் போதிய காற்றுப் புகாதபடி மூடிச் சுட்டால், அதிலுள்ள நீரும் புகை தரும் பொருள்களும் நீங்கிக் கரி எஞ்சுகிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் மூடி மூட்டம் போடுவார்கள். இவ்வகை மூட்டத்தில் ஒரு கிலோ கரி பெற ஏறக்குறைய நான்கு, ஐந்து கிலோ மரம் செலவாகும். இத்தனை மரத்தை அழித்துப் பெறும் பொருளை வீணாக்குவது தகாது.

நன்றாய் வெந்த கரி கறுத்து மினுமினுக்கும்; இரண்டு கட்டிகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பழுப்பு நிறமாயும் முறிக்கக் கடினமாயும் இருப்பது வேகாத கரி. அது அடுப்பில் புகையும். கரி ஈரத்தை எளிதில் உறிஞ்சுமாகையால் மழை படாத இடத்தில், தரையில் படாமல் பலகைமேல் வைத்தல் வேண்டும். மூட்டத்தினின்று அப்பொழுதே எடுத்த புதுக் கரி காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். அதனை ஓரிரு நாள் வெளியில் பரப்பி ஆறவிடாமல் வீட்டினுள்ளோ, வைக்கோற்போரின் அருகிலோ குவிக்கலாகாது.

அடுப்பின் அமைப்பு

நம் நாட்டுக் குமுட்டி அடுப்பில் இரண்டு பாகங்கள் உண்டு. மேற்பாகத்தில் கரி நிற்கும். கீழ்ப்பாகத்தில் சாம்பல் விழும். இரண்டுக்கும் நடுவே துளைகளுள்ள தட்டு இருக்கும். கீழ்வாயின் வழியே காற்று நுழைந்து, தட்டின் துளைகளினூடே கரியை அடைகிறது. மண் சுவர் உஷ்ணத்தை எளிதில் வெளியே விடாமையால் சிறிது கரியும் நெடுநேரம் உதவும். ஜப்பானியரின் கமாடோ என்னும் அடுப்பை ஒட்டி, மேல்நாடுகளில் இப்பொழுது மூடியோடு கூடிய கனத்த பீங்கான் அடுப்புகள் செய்கின்றனர். அவற்றிலும் கீழே ஒரு வாயும் மூடியில் ஒரு துவாரமும் அமைத்து, அவற்றைத் திறந்தும் குறுக்கியும் சூட்டை ஆளுகின்றனர்.

நெருப்பை ஆள்வது கரியின் அளவைக் காட்டிலும் காற்றின் அளவேயாகும். மடையைத் திறந்தால் வயலில் நீர் பாய்வதும், அடைத்தால் நிற்பதும் போல, கீழ்வாயைத் திறந்தால் தணல் பெருகும்; ஓட்டுத் துண்டால் குறுக்கினால் தணியும்.

மூட்டும் முறை

1. பழைய சாம்பலை முழுதும் அகற்றித் தட்டின் துளைகளைத் திறந்துவிடுக. துளை அடைந்திருப்பின் எவ்வளவு விசிறினும் பயன் இல்லை.

2. பெரிய கட்டிகளை அடியிலும் சிறியவற்றை மேலும் இடுக. கரித்தூளைச் சேர்த்தால் அது இடைவெளிகளை அடைத்துக் காற்றைத் தடுக்கும். தூளைச் சாணத்துடனோ களிமண்ணுடனோ பிசைந்து உருண்டையாக்கி உலர்த்தி வைத்துக்கொண்டால் வீணாகாது.

3. தேங்காய் நாரையோ உலர்ந்த சிராயையோ கொண்டு மூட்டுக. மண்ணெண்ணெய் ஊற்றுதல் அபாயகரமானது. அதன் நாற்றம் உணவிலும் ஏறும்.

4. முதலில் எழும் புகை அடங்கி, கட்டிகளின்மேல் வெண்ணீறு பூக்கும் வரையில் காத்திருந்து, அதன் பின்னரே சமைக்கவும் சுடவும் தொடங்குக.

5. வேலை முடிந்ததும், திறந்தவெளியில் வைத்தே, கீழ்வாயை அடைத்து மேலே சட்டியால் மூடிவிடுக. காற்றின்றித் தணல் அவியும். எஞ்சிய கரி மறுநாளைக்கு உதவும். நீர் ஊற்றினால் சூடேறிய மண் வெடிக்கும்.

விஷவாயு உண்டாகும் விதம்

காற்று நிறையக் கிடைக்கும்போது கரி எரிந்து கரியமிலவாயுவாகிறது. காற்றுக் குறைந்தாலோ, கரி உயரமாய்க் குவிந்திருந்தாலோ, கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு மிகுதியாய் உண்டாகிறது. இரண்டாவது மகாயுத்த காலத்தில் பெட்ரோல் அகப்படாமையால், நமது ராஜதானியில் கரிவாயுவைக் கொண்டு பஸ்கள் ஓட்டினார்கள். பஸ்ஸின் பின்புறத்தில் இருந்த உலையில் கரியை நிறைத்து, அளவான காற்றை மாத்திரம் விட்டு உண்டாக்கிய அந்த வாயுவில் எரியும் பொருளாய் முக்கியமாயிருந்தது இந்த விஷவாயுவே. அன்று பஸ்ஸை ஓட்டுதற்கு வேண்டுமென்றே உண்டாக்கியதை, மூடிய அறையில் கரியடுப்பை வைப்பவர் தாம் அறியாமலே உண்டாக்குகின்றனர்.

இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் கரிப்பதில்லை. புகையில்லாத தணலில் கேடில்லை என்று எண்ணுவது பெரும் பிழை. இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருள் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாக இதனைப் பற்றுகிறது. அதனால் உடலுக்குப் பிராணவாயு கிட்டாமற் போகிறது. தலைவலி, தலைசுற்றல், வாந்தி, கைகால் சோர்வு ஆகியவை முதற்குறிகள். உறங்குபவர் இக்குறிகளை அறியாமலே மாண்டு போவர். மலைவாசஸ்தலங்களில் குளிருக்கு அஞ்சிக் கதவடைத்துக் கரியடுப்பின் அருகே உறங்கியவர்கள் விடியலில் பிணமாகக் காணப்பட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன.

ஒருவர் இவ்வாறு மயங்கினால், கதவு ஜன்னல்களைத் திறந்து அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவருக. 108 என்ற எண்ணுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே நிறுத்திவைக்கலாகாது. அவருக்குப் பிராணவாயு கொடுத்தல் அவசியம்.

புழு அறையில் கவனிக்க வேண்டுவன

இளம் புழுக்களுக்கு 26 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமும், மிகுந்த ஈரப்பதமும் தேவை. வளர்ந்த புழுக்களுக்கு 23 முதல் 25 டிகிரி போதும். அவற்றுக்குக் காற்றோட்டமே முக்கியம். மின்சாரம் உள்ள இடங்களில் மின்சாரக் கணப்பே மேலானது. கரியடுப்பைத் தவிர வேறு வழி இல்லாதவிடத்துப் பின்வருமாறு செய்க.

கரியை வெளியிலேயே மூட்டி, புகை முற்றும் அடங்கி நீறு பூத்த பின்னரே உள்ளே கொணர்க. புகை புழுவுக்கு ஆகாது. அடுப்பின்மேல் நீர்ப்பாத்திரம் ஒன்றை வைத்தால் அறை அளவுக்கு மீறி உலராது. எதிரெதிரான இரண்டு ஜன்னல்களைச் சிறிதேனும் திறந்து வைக்க வேண்டும். சுவரில் உஷ்ணமானி ஒன்றைத் தொங்கவிட்டு, வேண்டிய உஷ்ணம் வந்தவுடன் அடுப்பை வெளியே எடுத்துவிடுக. அடுப்பை உள்ளே வைத்தே கீழ்வாயை அடைத்துத் தணலைத் தணிப்பது விஷவாயுவைப் பெருக்குவதாகும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: அடுப்பு உள்ளே இருக்கும் அறையில் எவரும் படுத்துறங்கலாகாது. இரவில் தழை போட எழ வேண்டுமென்று புழு அறையிலேயே பாய் விரிக்கும் வழக்கம் இருப்பின், அதனைக் கைவிடுக.

சாம்பலின் உபயோகம்

சாம்பலில் கங்கு ஒரு நாளுக்கு மேலும் மறைந்திருக்கக் கூடும். ஆகையால் அதனை மண்சட்டியில் நன்றாய் ஆறவைத்தே குப்பையில் சேர்க்க வேண்டும். சாம்பலில் பொட்டாஷ் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தென்னைக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் அளவாய் இடலாம். களர் நிலத்திற்கு இடலாகாது. யூரியா, அம்மோனியம் சல்பேட் ஆகியவற்றோடு கலந்தால் தழைச்சத்து ஆவியாய்ப் போகும். ஆதலின் தனியே இடுக.

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊர்ப் பெரியோர்களும் பனிக்காலம் தொடங்கு முன்னரே இவ்விஷயங்களைக் கிராமக் கூட்டங்களில் எடுத்துரைப்பார்களாக. எழுத்தறியாதவர்களுக்கு இதனை வாசித்துக் காட்டுவதும் நலம். அடுப்புக்குக் காற்று வேண்டும். அடுப்புள்ள அறைக்கும் காற்று வேண்டும். உறங்கும் முன் அடுப்பு வெளியே இருத்தல் வேண்டும். இவற்றை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருப்பது அவசியம்.