அம்மாவுக்கு ஊசி, பிள்ளைக்குக் காவல்

தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவி முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் புஜத்தில் டிடி ஊசி போடுகிறார்கள். அவள் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளையைச் சேர்கின்றன. தொப்புள்கொடிப் புண்ணில் நுழைந்து பச்சைப் பிள்ளைகளைக் கொன்ற ரண ஜன்னி (டெட்டனஸ்), இந்த ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் அடங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் ரண ஜன்னியை ஒழித்த நாடாக 2015இல் இந்தியா அறிவிக்கப்பட்டது.

இதே வழியில், பிறந்த சில நாளில் உயிரைப் பறிக்கும் ரத்தத் தொற்றையும் தடுக்க முடியுமா? இன்று முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பலர் இந்தக் கேள்வியோடுதான் ஆய்வகம் போகிறார்கள்.

எந்தக் கிருமி?

மேலை நாடுகளில் முதல் எதிரி, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தாயிடம் எதிர்ப்புப் புரதம் குறைவாக இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்று 1976இலேயே கரோல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும் காட்டினார்கள். நம் நாட்டு நிலவரம் வேறு. 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகியவையே முன்னால் நின்றன. அவற்றில் பல, மருந்துக்கு மசியாதவை.

ஆய்வகத்தில்

குழந்தையிடம் எடுத்த ஒரு மில்லி ரத்தம் வளர்ப்புக் குப்பிக்குப் போகிறது. அதில் கிளெப்சியெல்லா வளர்ந்தால், அதை எடுத்துப் பரப்பிய தட்டில் சளிபோலப் பளபளக்கும் திட்டுகள் தெரியும். கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் சிலவற்றில் பாகுபோல நூல் இழுக்கும். அந்த வழுவழுப்பு, கிருமி போர்த்தியிருக்கும் சர்க்கரை உறை. உறையில் ஏறத்தாழ 80 வகை உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஊசியில் அடக்க முடியாது. எனவே ஆய்வாளர் மரபணுவைப் படித்து, எந்த வகைகள் அதிகம் என்று கணக்கெடுக்கிறார். அந்த வகைகளின் உறைச் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்து ஊசியாகப் போட்டால் உடல் அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

சிக்கலும் உண்டு. தாயின் எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்குப் போகிறது. குறைமாதப் பிள்ளைக்குக் குறைவாகவே கிடைக்கும். ஆனாலும், 70 சதவீதம் பலன் தரும் கிளெப்சியெல்லா ஊசி ஒன்று தாய்மாருக்குக் கிடைத்தால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 80,000 சிசு மரணங்களைத் தவிர்க்கலாம் என்று 2023இல் வெளியான கணக்கீடு சொல்கிறது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் தென்படும் கிருமி வகைகளும் ஆய்வாளர்களின் வகைக் கணக்கெடுப்பில் சேர வேண்டும். அப்போதுதான் வரப்போகும் ஊசி நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

அதுவரை டிடி ஊசியைத் தவறவிடாதீர்கள். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு விடுகையில் நெஞ்சு உள்வாங்கினாலோ கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.