பங்கோர் தீவில் எந்தக் கரையில் தங்குவது?

புக்கிட் செந்தோசா: பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் வட்டாரக் குடும்பங்களில் தீவுப் பேச்சு தொடங்கிவிடும். கோலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களிலும் அப்படித்தான். முன்பெல்லாம் கோயில் குழுவோ தோட்டத்து இளைஞர்களோ ஒரு பஸ்ஸைப் பிடித்து, விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்பிவிடுவார்கள். எங்கே தங்குவது என்ற கேள்வியே எழாது. இப்போது ஓர் இரவாவது தங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாட்டியை வீட்டில் தனியாக விட்டுவிட்டும் போக முடியாது. ஆறு பேர், இரண்டு அறை, பெட்ரோல், டோல், ஃபெரி, சாப்பாடு என்று கணக்குப் போட்டால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை போகிற பயணத்தில் தங்குமிடம் சரியில்லை என்றால் அடுத்த ஆண்டு வரை அந்தக் குறை வீட்டில் பேசப்படும்.

ஆண்டிறுதியில் தீவு என்றால் வடசிலாங்கூர் மக்களுக்குக் கைக்கு எட்டுவது பங்கோர்தான். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் ஆகிய கிழக்குக்கரைத் தீவுகளை நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை வாட்டும். கடல் கொந்தளிப்பால் அங்குள்ள விடுதிகளில் பல மூடிவிடும். பங்கோர் மலாக்கா நீரிணையில் இருக்கிறது. சுமத்ரா தீவு மறைவாக நிற்பதால் அங்கே ஆண்டு முழுவதும் போய் வரலாம். இடியுடன் மழை பெய்யும்தான். ஆனால் மாதக்கணக்கில் தீவு அடைந்துகிடப்பதில்லை.

புக்கிட் செந்தோசாவிலிருந்து வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையைப் பிடித்து, பீடோரில் வெளியேறி, தெலுக் இந்தான், சித்தியவான் வழியாக லுமுட் போகலாம். கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங் மக்களுக்கு சபாக் பெர்ணாம், ஹூத்தான் மெலிந்தாங் வழியான கரையோரச் சாலை வசதி. எப்படிப் போனாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். காரை லுமுட்டிலேயே நிறுத்திவிட்டு ஃபெரியில் ஏறுவதுதான் வழக்கம். அறை பதிவு செய்பவர்கள் பலர் மறந்துவிடுவது இதைத்தான். தீவில் கையில் கார் இருக்காது. தங்குமிடம் எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தைச் சுற்றித்தான் இரண்டு நாளும் நகரும்.

பங்கோர் சின்னத் தீவுதான். நடுவில் காடும் மலையும். கிழக்குக்கரை தீபகற்பத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஃபெரித்துறை, பங்கோர் பட்டணம், மீனவர் குடியிருப்புகள், நெத்திலியும் கருவாடும் காயும் முற்றங்கள், வங்கி, கடை, மருந்து எல்லாம் இந்தப் பக்கம். குளிக்கக் கூடிய மணல் கரைகள் மேற்குப் பக்கம். பாசீர் போகாக்கும் தெலுக் நிப்பாவும் அங்கேதான் இருக்கின்றன. சூரியன் கடலில் இறங்குவதையும் அங்கிருந்துதான் பார்க்கலாம். விளம்பரத்தில் ‘கடல் பார்த்த அறை’ என்று போட்டிருந்தால் அது எந்தக் கடல் என்று கேட்க வேண்டும். கிழக்குக்கரை அறையின் ஜன்னலிலிருந்தும் கடல் தெரியும். படகுகளும் மீன் வாடையும் கூடவே வரும். அதை விரும்புகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் மணலில் விளையாடத்தான் போகிறார்கள் என்றால் அந்த அறை மலிவாகக் கிடைத்தாலும் பயன்படாது.

பாசீர் போகாக் பட்டணத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். தீவின் குறுகலான பகுதியைக் குறுக்கே கடந்தால் வந்துவிடும். நீளமான கரை, சமதளமான சாலை, பெரிய விடுதிகளும் சாதாரண விடுதிகளும் கலந்த இடம். வயதானவர்களோடு போகிற குடும்பத்துக்கு இதுவே தோது. இரவில் காய்ச்சல் மாத்திரை வாங்க வேண்டுமென்றாலும் பட்டணம் பக்கத்தில் இருக்கிறது.

தெலுக் நிப்பா அங்கிருந்து வடக்கே, வளைந்து ஏறி இறங்கும் சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி. சாலையின் ஒரு புறம் கடற்கரை, மறுபுறம் காட்டை ஒட்டிய சிறு சந்துகளில் வரிசையாக சாலேக்கள். எதிரே கியாம் தீவு. படகில் போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கலாம். அடுத்த வளைவில் கோரல் பே. மாலையானால் இருவாச்சிப் பறவைகள் கம்பியிலும் கூரையிலும் வந்து உட்காரும். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கரையைவிட்டு நகர மாட்டார்கள். குரங்குகளும் இங்கே அதிகம். வராந்தாவில் ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் திரும்பி வரும்போது பொட்டலம் இருக்காது.

கடலிலிருந்து எத்தனை அடி என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி தெலுக் நிப்பாவில் பதிவு செய்கிறவர்கள் கேட்க மறப்பது படிக்கட்டு. சந்தின் கடைசியில் உள்ள சாலேக்கள் சில மேட்டில் இருக்கும். முட்டிவலிக்காரப் பாட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை படி ஏறி இறங்குவது பெரிய தண்டனை. கீழ்த்தள அறை உண்டா, கழிவறை உட்காரும் வகையா, குளிக்கும் இடத்தில் வழுக்குமா என்று போனில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடத்துகிறவர்கள் இதைத் தினமும் கேட்டுப் பழகியவர்கள்.

விலை கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. தீவில் வாடகை வாகனமாக ஓடுவது இளஞ்சிவப்பு நிற வேன்கள். துறையிலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து கோயிலுக்கு, மீண்டும் துறைக்கு என்று ஒவ்வொரு முறையும் காசு. பட்டணத்தில் மலிவு அறை எடுத்துவிட்டு தினமும் தெலுக் நிப்பாவுக்குக் குளிக்கப் போகிற குடும்பம், கடைசியில் தெலுக் நிப்பா அறைக்கு ஆகியிருக்கும் பணத்தையே செலவழித்திருக்கும். மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது மட்டும் வேண்டாம். மலைச்சாலை வளைவுகள் புக்கிட் செந்தோசா டவுன் சாலை மாதிரி இல்லை.

மாசி மகத்துக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. கடலைப் பார்த்தபடி கிழக்குக்கரையில் அமைந்திருக்கும் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்துக்கு அந்த நாள்களில் நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் வந்து குவிகிறார்கள். நேர்த்திக்கடன் செலுத்த வருகிற குடும்பத்துக்கு ஆலயமும் துறையும் பக்கத்தில் இருப்பது முக்கியம். காவடி எடுப்பவர் விரதத்தில் இருப்பார், அதிகாலையில் எழுந்து குளிக்க வேண்டும், பால்குடம் தயார் செய்ய வேண்டும். பட்டணத்திலோ பாசீர் போகாக்கிலோ தங்குவதே அதற்கு ஏற்றது. மாசி மகம் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். சில ஆண்டுகளில் சீனர்களின் சாப் கோ மே கொண்டாட்டமும் அதே பௌர்ணமியில் விழுந்துவிடும். சீனர்கள் அதிகம் வாழும் தீவு அது. அப்படிப்பட்ட ஆண்டில் இரண்டு மாதம் முன்பே அறையை உறுதிசெய்யாவிட்டால், லுமுட்டிலோ சித்தியவானிலோ தங்கிக்கொண்டு காலை ஃபெரியில் போவது தவிர வழியில்லை. அதுவும் மோசமான ஏற்பாடு என்று சொல்ல முடியாது. கார் கையில் இருக்கும், சித்தியவானில் நம்மவர் உணவுக் கடைகளும் உண்டு.

சாப்பாட்டைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நம்மவர்களில் பாதிப் பேர் ரைஸ் குக்கரும் ஊறுகாய்ப் பாட்டிலும் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. அறையில் சமைக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். மலாய்க்காரர்கள் நடத்தும் ஹோம்ஸ்டேக்களில் பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அது அவர்கள் வீடு. ஒத்துவராதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வதே மரியாதை.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. பங்கோர் லாவுட் என்பது பங்கோர் அல்ல. தென்மேற்கே இருக்கும் தனியார் தீவு. அங்கே இருப்பது உயர்விலை ரிசார்ட் மட்டுமே. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும்.

இனி பணம் கட்டும் விஷயம். பேஸ்புக்கில் அழகான படங்களைப் போட்டு, பாதி விலை சொல்லி, ‘இன்றே முன்பணம் கட்டினால்தான் அறை’ என்று அவசரப்படுத்துவது மோசடிக்காரர்களின் பழைய வழி. படம் உண்மையான விடுதியினுடையதாக இருக்கும்; வங்கிக் கணக்கு வேறு யாருடையதாகவோ இருக்கும். குடும்பம் பெட்டி படுக்கையோடு போய் இறங்கியபின், ‘அப்படி ஒரு பதிவே இல்லை’ என்று விடுதிக்காரர் சொல்லும்போதுதான் விஷயம் தெரியவரும். விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு அழைப்பதைவிட, கூகள் வரைபடத்தில் அந்த விடுதிக்குக் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்பது பாதுகாப்பு. கட்டச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசாரின் ‘செமாக் மியூல்’ இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இதற்குமுன் புகார் வந்திருந்தால் அதில் காட்டிவிடும். புகார் இல்லை என்று வந்தால் மட்டும் அந்தக் கணக்கு சுத்தம் என்று அர்த்தமாகாது. புதிதாகத் திறந்த கணக்காகவும் இருக்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க முடிவது ஆரம்ப மணி நேரங்களில்தான். போலீஸ் புகாரும் அவசியம்.

உண்மையான விடுதியே சொன்ன அறையைக் கொடுக்காமல் முன்பணத்தையும் திருப்பித் தராவிட்டால் அது வேறு வழக்கு. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை, வழக்கறிஞர் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். அதற்கு ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் சான்றாக வேண்டும். எத்தனை அறை, எத்தனை பேர், எந்தத் தேதி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள இதுவே காரணம். போனில் ‘ஆமா, ஆமா’ என்றது சான்றாகாது.

லங்காவிக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கரைக் கணக்கு பொருந்தும். அங்கே ஃபெரி இறங்குமிடம் குவா. பிள்ளைகள் கேட்கும் கடற்கரை பந்தாய் செனாங். இரண்டுக்கும் இடையில் 20 கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே வாடகைக் கார் எளிதாகக் கிடைப்பதால் தவறான இடத்தில் தங்கினாலும் சமாளித்துவிடலாம். பங்கோரில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

புறப்படும் நாளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. லுமுட் தவிர மெரினா ஐலண்டிலிருந்தும் ஃபெரி உண்டு. காரை நிறுத்திய துறைக்கே திரும்பும் டிக்கெட்டா என்று பார்த்து வாங்க வேண்டும், கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து, லுமுட் ஃபெரி முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். தீவு வந்துவிட்டது என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. பங்கோர் பட்டணம் அடுத்த நிறுத்தம்.