அத்தோ

அத்தோ என்பது வடசென்னைத் தெருவோரக் கடைகளில் விற்கப்படும் பர்மிய வகை நூடுல்ஸ் உணவு ஆகும். பர்மாவிலிருந்து (இன்றைய மியான்மர்) 1960களில் தாயகம் திரும்பிய தமிழர்கள் இதைச் சென்னையில் பரவலாக்கினர். பாரிமுனை அருகேயுள்ள செகண்ட் லைன் பீச் சாலை அத்தோ கடைகளுக்குப் பெயர்பெற்றது. வியாசர்பாடி, எண்ணூர், புழல் போன்ற பகுதிகளிலும் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் இது கிடைக்கிறது.

பெயர்

பர்மிய மொழியில் ‘அத்தோ’ என்பது கையால் பிசைந்து கலந்த உணவைக் குறிக்கும். அது ஒரு தனி உணவின் பெயர் அன்று. இஞ்சி, தக்காளி, ஊறவைத்த தேயிலை எனப் பலவற்றிலும் அங்கே ‘தோ’ செய்வார்கள். நூடுல்ஸுக்குப் பர்மியப் பெயர் ‘காவ்ஸ்வே’. எனவே நூடுல்ஸைப் பிசைந்து செய்வது ‘காவ்ஸ்வே தோ’ ஆகும். எண்ணெயில் வறுத்த நூடுல்ஸ் ‘காவ்ஸ்வே ஜோ’ எனப்படும். சென்னைக்கு வந்தபின் ‘காவ்ஸ்வே’ வழக்கொழிந்து, ‘அத்தோ’ என்ற பொதுச்சொல்லே இந்த உணவின் பெயராக நிலைத்தது.

வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் பர்மா 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. வட்டித் தொழில், வணிகம், துறைமுகக் கூலி, வயல் வேலை எனப் பல தொழில்களுக்காகத் தமிழர்கள் அங்கே சென்றனர். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூன் நகரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படைகள் பர்மாவுக்குள் நுழைந்தபோது, 1942இல் லட்சக்கணக்கானோர் காடு மலைகளைக் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். அடுத்த பெரும் வெளியேற்றம் 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் நடந்தது. கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1964இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சேர்த்த சொத்தை விட்டுவிட்டு, இந்திய வம்சாவளியினர் சுமார் 3 லட்சம் பேர் அந்நாட்டிலிருந்து வெளியேறினர்.

அவர்களில் பலர் கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் உருவாயின. எண்ணூரில் உள்ள பர்மா நகரின் பெயர் இன்றும் இதைச் சொல்கிறது. பிழைப்புக்கு வழியாகத் துறைமுகத்தின் எதிரே பர்மா பஜார் அமைந்தது. தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது.

கடை வைக்க முதல் இல்லாதவர்களுக்கு உணவு வண்டி எளிய வழியாக இருந்தது. அடுப்பு, சில பாத்திரங்கள், வீட்டில் தெரிந்த சமையல் ஆகியவையே போதும். துறைமுகத் தொழிலாளர்களும் பஜாருக்கு வருவோரும் வாடிக்கையாளர் ஆயினர்.

செய்முறை

தடித்த நூடுல்ஸை வேகவைத்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவி ஆறவிடுவார்கள். ஆரஞ்சு நிறம் சென்னை அத்தோவின் அடையாளம். வாடிக்கையாளர் கேட்டவுடன் ஒரு பிடி நூடுல்ஸுடன் நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, பூண்டு எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசைவார்கள். மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கித் தூவுவார்கள்.

நூடுல்ஸை அடுப்பில் வைத்து வறுக்காததால் முட்டைக்கோஸின் நறுக்கென்ற தன்மை கெடுவதில்லை. புளிப்பும் காரமும் பூண்டெண்ணெயும் ஒவ்வொரு இழையிலும் படிவதற்குப் பிசையும் கைப்பக்குவமே காரணம். ஒரே பொருட்கள் இருந்தும் கடைக்குக் கடை சுவை மாறுவது இதனால்தான்.

உடன் உண்பவை

வாழைத்தண்டு சேர்த்த சூடான சூப் அத்தோவுடன் தரப்படும். இது பர்மியரின் காலை உணவான மொகிங்காவிலிருந்து வந்தது. வேகவைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் வைத்துத் தரும் முட்டை மசாலாவும் இக்கடைகளில் உண்டு.

மாற்றங்கள்

பர்மாவில் நூடுல்ஸ் தோவில் மீன் சாறும் காய்ந்த இறால் பொடியும் சேர்வது வழக்கம். மொகிங்காவும் அங்கே மீன் குழம்புதான். சென்னைக் கடைகளில் பெரும்பாலும் மீன் நீங்கிவிட்டது. புளியும் மிளகாயும் முன்னுக்கு வந்தன. சூடாக வாணலியில் வறுத்துத் தரும் ‘ஃப்ரை அத்தோ’ பின்னாளில் சேர்ந்தது. பெயரிலேயே ‘பிசைந்தது’ என்ற பொருள் இருக்க, அதை வறுத்துத் தருவது பர்மிய மொழி அறிந்தவர்களுக்கு விந்தையாகத் தோன்றும்.

பர்மாவிலிருந்து திரும்பிய பிற இந்தியச் சமூகங்களும் நூடுல்ஸைத் தம்முடன் கொண்டுசென்றன. மேமன் சமூகத்தினர் வீடுகளில் அது தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றிய ‘காவ்ஸ்வே’ ஆக வாழ்கிறது. ஒரே நாட்டின் உணவு அங்கே விருந்துச் சமையலாகவும் வடசென்னையில் உழைப்பாளிகளின் மாலைச் சிற்றுண்டியாகவும் ஆனது.

இன்றைய நிலை

பர்மாவில் பிறந்த தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. இன்று அத்தோ வண்டி நடத்துவோரில் பர்மாவைப் பார்த்திராதவர்களே மிகுதி. சாலையோர வணிகர்களுக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் உரிமை அளிக்கிறது. ஆயினும் சாலை விரிவாக்கமும் இடமாற்றமும் இத்தகைய கடைகளை எளிதில் பாதிக்கக்கூடியவை. பர்மிய மொழி பல வீடுகளில் மறைந்தபின்னும், அத்தோ, பேஜோ, மொகிங்கா ஆகிய சொற்கள் இக்கடைகளின் வழியாகவே சென்னைத் தமிழில் வழங்கி வருகின்றன.