சியாச்சின் பனியில் நான்கு பாதங்கள்

சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் உள்ள சோனம் முகாம் மீது 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி பனிச்சரிவு விழுந்தது. மதராஸ் ரெஜிமென்ட் 19-ஆவது பட்டாலியனின் அம்முகாமில் இருந்த 10 வீரர்கள் புதையுண்டனர். அவர்களில் 4 பேர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். பல நாள் தேடலுக்குப் பின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-ஆம் தேதி தில்லி ராணுவ மருத்துவமனையில் உயிர்நீத்தார்.

அந்தத் தேடலில் இயந்திரங்களுடன் டாட், மிஷா என்ற இரு ராணுவ நாய்களும் ஈடுபட்டன. மோப்பம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பாதம் புண்பட்ட நாயால் பனியில் தேட இயலாது. எனவே, குளிர்காலத்தில் நாயின் பாதத்தைப் பேணுவதும் மீட்புப் பணியின் ஒரு பகுதியே.

இயற்கை தந்த காப்பு

நாயின் உள்ளங்கால் மெத்தைகளில் கொழுப்பு நிறைந்துள்ளது. பாதத்துக்குச் செல்லும் சூடான ரத்தம், அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் வெப்பத்தை அளிக்கும் வகையில் ரத்தக் குழாய்கள் நெருங்கி அமைந்துள்ளன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் இதனை விளக்கினர்.

ஆனால், இந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. விரல்களுக்கு இடையே உள்ள முடியில் பனி உருண்டையாகத் திரண்டு வலி தரும். கூரிய பனிக்கட்டி மெத்தையைக் கிழிக்கும். ஈரம் நீடித்தால் வெடிப்பு உண்டாகும். கடுங்குளிரில் பாதம், காது நுனி, வால் நுனி ஆகியவற்றின் திசுக்கள் உறைந்து அழுகும் அபாயமும் உண்டு.

இதற்கான பராமரிப்பு எளியது. விரலிடை முடியைக் கத்தரிக்க வேண்டும். வெளியே செல்லும் முன் மெழுகுக் களிம்பு தடவலாம்; கால் உறையும் அணிவிக்கலாம். திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடை ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். உறைந்த பாதத்தைத் தேய்ப்பதும் நெருப்பருகே காட்டுவதும் கேடு விளைவிக்கும்.

நாட்டு இனங்கள்

ராணுவ நாய்களுக்கு மீரட்டில் உள்ள ரீமவுண்ட், கால்நடை மருத்துவப் படைப்பிரிவின் மையம் பயிற்சி அளிக்கிறது. பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் மாத வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை உள்ளிட்ட நாட்டு இனங்களைப் பாராட்டிப் பேசினார். அதன் பிறகு இவ்வினங்கள் மீது கவனம் கூடியுள்ளது. வெப்பம் மிகுந்த தென்மாவட்டங்களில் உருவான, குட்டை முடி கொண்ட இனங்கள் இவை. பனிப்பகுதிக்கு இவற்றை அனுப்புவதானால் பாதப் பராமரிப்பில் கூடுதல் கவனம் தேவை.

சியாச்சின் வீரர்களுக்கு 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல்நோக்குக் காலணிகள் வழங்கப்படவில்லை என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2020 பிப்ரவரியில் அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பழைய காலணிகளையே வீரர்கள் மீண்டும் பயன்படுத்த நேர்ந்ததும் அதன் வழியே வெளிவந்தது.

வீரர்களின் குறை அவ்வாறு அவைக்கு எட்டியது. நாயின் குறையோ அதன் கையாளரின் கைக்கு மட்டுமே எட்டுகிறது. மாலைதோறும் நான்கு பாதங்களையும் தூக்கிப் பார்க்கும் அந்தக் கைக்குக் களிம்பும் கால் உறையும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க, உயர்மலைக் கொள்முதல் பட்டியலில் அவற்றுக்கும் இடம் வேண்டும்.