அப்பாவின் சதாபிஷேகமும் ஒரு மெமரி கார்டும்

மாட்டுங்காவில் எங்கள் வீட்டு பீரோவில் 1988-ல் நடந்த என் கல்யாணத்தின் நெகட்டிவ்கள் பத்திரமாக இருக்கின்றன. 2019-ல் கும்பகோணத்தில் நடந்த அப்பாவின் சதாபிஷேகப் படங்கள் இல்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், ரயில் நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் '64 ஜிபி' என்று அச்சிட்ட கார்டு ஒன்றைக் கடை விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கினேன். பேரம் பேசி இன்னும் ஐம்பது ரூபாய் குறைத்ததில் எனக்குப் பெருமை வேறு!

வழியெல்லாம் கோபுரங்கள், பேரன் இட்லி சாப்பிடும் வீடியோ என்று எடுத்துத் தள்ளினோம். மறுநாள் விசேஷம். கலசத் தீர்த்தம் தலையில் விழுந்தபோது அப்பா குளிரில் சிலிர்த்துச் சிரித்தது, அம்மாவுக்கு மறுபடியும் தாலி கட்டியது எல்லாவற்றையும் எடுத்தேன். ஒவ்வொரு படமும் கேமராத் திரையில் பளிச்சென்று தெரிந்தது.

மும்பை திரும்பி கம்ப்யூட்டரில் போட்டால், இட்லி வீடியோ ஜோராக ஓடுகிறது. சதாபிஷேகப் படங்களுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது, ஒன்றுகூடத் திறக்கவில்லை.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் சோதித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது 8 ஜிபிதானாம். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, '64' என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கிறது. எட்டு நிரம்பியபின் வந்ததையெல்லாம் வாங்குவதுபோல் வாங்கிக் காற்றில் விட்டிருக்கிறது. எடுத்தவுடன் திரையில் தெரிந்தது கேமராவின் தற்காலிக நினைவிலிருந்த படம். கார்டில் பதிந்தது அல்ல.

"அழிந்த படங்களை மீட்கலாம் என்கிறார்களே?" என்று கேட்டேன்.

"தவறுதலாக அழித்திருந்தால் மீட்கலாம் சார். அழிக்கும்போது பெயர்ப்பட்டியலில்தான் அடிக்கிறார்கள். மேலே வேறு படம் எழுதப்படும்வரை பழையது அங்கேயே இருக்கும். உடனே கார்டை வெளியே எடுத்துவிட்டு, போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளால் முயலலாம். உங்களுடையது எழுதப்படவே இல்லையே!"

புதுக் கார்டு வாங்கினால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்கவேண்டுமாம். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். எழுதும் விளக்கு எரியும்போது கார்டை உருவக்கூடாது. நல்ல கார்டையும் பீரோவில் பூட்டிவைத்து நம்பக்கூடாது. படம் அதில் நுண்ணிய மின்னூட்டமாகத்தான் தங்குகிறது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் மெல்லக் கசியும். இப்போதெல்லாம் அன்றன்றே இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடுகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

எட்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். சித்தப்பா மகன் தன் கைபேசியில் எடுத்திருந்த ஒரு படத்தை அனுப்பினான். கொஞ்சம் ஆடிப்போன படம்தான். தலையில் தண்ணீர் வழிய அப்பா சிரிக்கிறார். அதன் ஓரத்தில், கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன்.